சிவப்பு மை விழாத பத்தி

எங்கள் முதலாளியின் அம்மா இறந்த அன்று வீட்டு மதிலில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் 'இயற்கை எய்திணார்' என்று அச்சாகியிருந்தது. அலுவலகத்திலிருந்து மாலை வாங்கிக்கொண்டு பத்துப் பேர் போயிருந்தோம். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். புரூஃப் பார்க்கும் அக்கா மட்டும் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்தேன். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, தெருவை இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டு, 'ணா'வின் மேல் கோடு போட்டுப் பக்கத்தில் 'னா' என்று சின்னதாக எழுதினார். பிறகுதான் உள்ளே வந்தார். வந்து அழுதார். ஒப்புக்கு அழவில்லை. அந்த அம்மாவை அவருக்கு நிஜமாகவே பிடிக்கும்.

பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கைடு போடுகிற சின்னப் பதிப்பகம் எங்களுடையது. தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், மருந்துக்கடை ஒன்றின் மாடியில் இருந்தது. நான் கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைப்பவன். அக்கா புரூஃப் பார்ப்பவர். நான் சேர்ந்தபோதே அவருக்கு ஐம்பது வயது இருக்கும். ஒடிசலான உடம்பு. காட்டன் புடவை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட கண்ணாடி. அலுவலகத்தில் முதலாளி உட்பட எல்லோருக்கும் அவர் அக்காதான்.

தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அவரால் அதைத் தாண்டிப் போக முடியாது. ஊறுகாய் பாட்டில் லேபிளைப் படிப்பார். பஸ்ஸில் 'புகை பிடிக்காதிர்' என்று இருந்தால் கண்டக்டரைக் கூப்பிட்டு, "தீ நெடில் வரணும் தம்பி, டெப்போல சொல்லிடுங்க" என்பார். கண்டக்டர் சிரித்துக்கொண்டே சரி என்பார். அடுத்த நாளும் அதே பஸ் வரும், அதே தப்போடு. அக்கா மறுபடியும் சொல்வார். நான் ஒரு தடவை கேட்டேன், "எதுக்குக்கா இதெல்லாம்?"

"தப்பா எழுதறதுக்கும் சரியா எழுதறதுக்கும் அதே மைதானே ஆவுது" என்றார்.

எழுத்தோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். எங்கள் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்த பெண்ணைப் புருஷன் அடித்துவிட்டான். மகளிர் காவல் நிலையத்தில் கொடுக்க ஒரு புகார் எழுதி, அழுதுகொண்டே அக்காவிடம் காட்டினாள். அக்கா படித்தார். படித்துவிட்டு, "செவ்வாய்க்கிழமன்னு போட்டிருக்க. முந்தாநாள்னா புதன்ல்ல?" என்று கேட்டார்.

"எந்தக் கிழமையா இருந்தா என்னக்கா? என் கன்னத்தப் பாருங்க."

"பாத்தேன்மா. கிழமையச் சரியா சொல்லு. நாள் ஒண்ணு தப்பாப் போச்சுன்னா மத்தது எல்லாமே தப்புன்னு ஆக்கிடுவாங்க."

அந்தப் பெண் காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். கல் நெஞ்சு என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது. மறுநாள் அவளோடு ஸ்டேஷனுக்குப் போய் மாலை வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அக்காதான் என்பது பிறகு தெரிந்தது. அங்கே அவருக்கு எல்லாமே பழக்கமாக இருந்ததாம். யாரை முதலில் பார்க்க வேண்டும், மனுவுக்கு ரசீது எப்படிக் கேட்க வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருந்ததாம்.

ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப் போர்ஷனில் தனியாக இருந்தார். கல்யாணம் ஆகவில்லை. சொந்தம் என்று யாரைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை லீவு போடுவார். ஏதோ கோயிலுக்கு வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் அந்த இணையத் தொடர் வந்தது. எட்டு பாகம். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஓர் ஐஸ் பேக்டரி. அங்கே வேலை பார்க்கும் ஒருவன் தன் நண்பனைக் கொன்று, ஐஸ் கட்டி அடுக்கும் அறையிலேயே நான்கு நாள் மறைத்து வைக்கிறான். அவனுடைய அக்காவுக்கு அது தெரியும். ஆனால் கடைசி வரை அவள் வாயே திறப்பதில்லை. ஓர் இன்ஸ்பெக்டர் தன் மூளையால் துப்புத் துலக்குகிறார். 'உண்மைச் சம்பவத்தைத் தழுவிய கற்பனை' என்று ஆரம்பத்தில் ஓர் அட்டை வரும். எங்கே நடந்தது, யாருக்கு நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

விமர்சகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். தமிழில் இப்படி ஓர் இருள் வந்ததில்லை என்றார்கள். அக்காவாக நடித்த நடிகையை ஆளாளுக்குத் தூக்கிவைத்து எழுதினார்கள். நானும் எழுதினேன். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த காலத்திலிருந்தே எனக்குச் சினிமாப் பைத்தியம். ஓர் இணைய இதழில் விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். மாதம் ஒருமுறை அது அச்சிலும் வரும். இந்தத் தொடருக்கு நான் எழுதியதுதான் அதுவரை எழுதியதிலேயே நல்லது என்று எனக்கு ஒரு நினைப்பு. ஆசிரியரும் அப்படித்தான் சொன்னார். ஒரே நாளில் ஊரெல்லாம் பகிர்ந்தார்கள். அதில் ஒரு வரியை எடுத்துத் தொடரின் விளம்பரத்திலேயே போட்டார்கள். 'அக்காவின் மௌனமே இத்தொடரின் அறம்.' கீழே என் பெயர்.

அச்சில் வருவதற்குமுன் எழுத்துப்பிழை பார்த்துத் தரச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். உண்மையில் அவர் படித்துவிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்ற ஆசை. வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் காலையில் திருப்பிக் கொடுத்தார். நாலு பக்கமும் சிவப்பாக இருந்தது.

'பனியாய் உரைந்த மனங்கள்' என்று நான் எழுதியிருந்ததை 'உறைந்த' என்று திருத்தியிருந்தார். அது நியாயம். 'மழையும் இத்தொடரில் ஒரு கதாபாத்திரம்' என்ற வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், 'மழை பெய்யவில்லை. வைகாசி மாதம்' என்று எழுதியிருந்தது. 'ஐஸ் பேக்டரியின் நீல வெளிச்சம்' என்பதற்கு எதிரே, 'இரண்டே குண்டு பல்பு. மஞ்சள்.' 'காவிரிக் கரையில்' என்று ஊகித்து எழுதியிருந்தேன். 'கொள்ளிடம்.' கொலைக்கு அடிப்படையாகத் தொடர் காட்டியிருந்த கடத்தல், பழைய பகை எல்லாவற்றையும் வியந்து ஒரு பெரிய பத்தி எழுதியிருந்தேன். அதற்குப் பக்கத்தில், 'இவ்வளவு பெரிய காரணம் இல்லை. வாய்த் தகராறு.' கடைசியாக, 'மரத்தூளுக்குள் புதைத்துவைத்த உண்மை' என்ற வரியில் 'மரத்தூள்' என்பதை அடித்துவிட்டு 'உமி' என்று எழுதியிருந்தார்.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. தொடரைத் திருத்துகிறாரா, என்னைத் திருத்துகிறாரா என்று நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. நாலு பக்கத்திலும் ஒரே ஒரு பத்தியில் மட்டும் மை விழவில்லை. அக்காவின் மௌனத்தைப் பற்றிய பத்தி. அதில் 'முயற்ச்சி' என்று நான் எழுதியிருந்தேன். றகர ஒற்றுக்குப் பிறகு இன்னொரு ஒற்று வராது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

"அக்கா, இந்த இடத்துல ஒண்ணு விட்டுட்டீங்க."

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டுக்கொண்டார். "இருக்கட்டும்" என்றார்.

அன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கைடு கட்டுகள் அடுக்கியிருந்த ஸ்டாக் ரூமில் நானாகப் போய்க் கேட்டேன். "அது உமின்னு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

ரொம்ப நேரம் ஒரு கட்டின் சணல் முடிச்சைச் சரிசெய்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார். அழாமல், குரல் மாறாமல், தப்பான விடைக்குச் சரியான விடை சொல்வதுபோலச் சொன்னார்.

"என் தம்பி."

கொள்ளிடக் கரையில், டோல்கேட் பக்கம் அப்போது அவர்கள் குடியிருந்தார்கள். அம்மா, அக்கா, தம்பி. தம்பிக்கு ஐஸ் பேக்டரியில் மெஷின் ரூமில் வேலை. மீன் மார்க்கெட்டுக்கு ஐஸ் ஏற்றிப்போகும் லோடு ஆட்டோக்காரன் அவனுடைய கூட்டாளி. திருவெள்ளறைக்காரன். ஒரு திங்கட்கிழமை வேலை முடிகிற நேரத்தில், நாலு பேர் இருக்கும்போது, இவர்களுடைய செத்துப்போன அப்பாவைத் திருடன் என்று அவன் சொல்லிவிட்டான். ஆட்கள் போனபிறகு பேச்சு தடித்தது. ஐஸ் உடைக்கிற கம்பி தம்பி கையில் இருந்தது.

"புதன்கிழம அந்தக் கூட்டாளியோட அம்மா எங்க வீட்டுக்கு வந்து, என் புள்ளயப் பாத்தியாப்பான்னு கேட்டாங்க. இவன் சாப்பிட்டுக்கிட்டே, பாக்கலம்மான்னான். அன்னைக்கு சாயந்திரம் இவன் சட்டையத் தொவைக்கறேன். மடிச்சுவிட்ட கைக்குள்ள உமி. மெஷின் ரூம்ல வேல பாக்கறவன் சட்டையில கிரீஸ் இருக்கும், அமோனியா வாடை இருக்கும். உமி இருக்காது. உமி பின்னாடி ரூம்லதான் இருக்கும், ஐஸ் கரையாம இருக்க மூடி வெப்பாங்க. என்னடா இது உமின்னு கேட்டேன். ஒண்ணுமில்லன்னான். என்னையப் பாத்தான். அவ்வளவுதான்."

"அப்புறம்?"

"வெள்ளிக்கிழம காலைல டோல்கேட்டு பூத்லேருந்து போலீஸுக்குப் போன் பண்ணேன். பின்னாடி ரூம், உமிக்குள்ள பாருங்கன்னு சொன்னேன். வெச்சுட்டேன்."

என் விமர்சனம் என் கையிலேயே இருந்தது.

யார் போன் செய்தது என்பதை வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் கண்டுபிடித்துவிட்டார். சாட்சி சொல்லக் கூப்பிட்டார். அக்கா அவர் காலில் விழுந்து, தன் பெயர் மட்டும் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 'கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்' என்று பேப்பரில் வந்தது. அக்காவின் அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில், போன் பண்ணின கை அழுகிப்போக வேண்டும் என்று சாபம் விடுவாராம்.

"அந்தக் கையாலதான் அவங்களுக்கு சோறு ஊட்டிவிட்டேன். கடைசியில அவங்களால எந்திரிக்க முடியல."

மாதம் ஒரு சனிக்கிழமை லீவு போட்டது கோயிலுக்கு இல்லை. ஜெயிலுக்கு.

"நான் இதத் திருத்திடறேன்க்கா. இதழ்ல சொல்லி அந்தப் பத்தியையே எடுத்துடறேன்."

"வேணாம். எடுத்தா ஏன் எடுத்தேன்னு கேப்பாங்க. இருக்கட்டும்னுதானே சொன்னேன்."

அதன் பிறகு அவர் செய்ததைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அந்தத் தொடரைப் பற்றி வந்த ஒவ்வொரு விமர்சனத்தையும் தேடிப் படித்தார். சிலதைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்வார். காலையில் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வரும்போதே சிவப்புப் பேனாவோடு படித்துக்கொண்டு வருவார். மழை இல்லை, மஞ்சள் பல்பு, கொள்ளிடம், உமி. என் மின்னஞ்சலிலிருந்தே விமர்சகர்களுக்கு எழுதச் சொன்னார், பெயர் போடாமல். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர், இது ஆவணப்படம் அல்ல என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். இன்னொருவர் மரியாதையாக, நீளமாக எழுதியிருந்தார். கலை எப்போதும் சம்பவத்தைவிடப் பெரியது என்றும், மழை என்பது அந்தக் குடும்பத்தின் கண்ணீர் என்றும் விளக்கியிருந்தார். அக்கா அதை இரண்டு தடவை படித்தார்.

"பெருசாவே இருக்கட்டும். சின்னதச் சரியாப் போட்டா என்ன கொறஞ்சிடும்?" என்றார். பிறகு, "நாங்க யாரும் அவ்வளவு அழுவல" என்றார்.

எத்தனை விமர்சனம் வந்தாலும் எல்லாவற்றிலும் அக்காவின் மௌனத்துக்கு ஒரு பத்தி இருந்தது. தியாகம் என்றார்கள், ரத்த பாசம் என்றார்கள். ஒரு பெண்மணி மட்டும், அந்த அக்காவும் குற்றவாளிதான், நான்கு நாள் ஒரு தாயைத் தவிக்கவிட்டவள் என்று எழுதியிருந்தார். எதிலும் அந்தப் பத்தியில் அக்கா மை வைக்கவில்லை. அந்தப் பெண்மணி எழுதியதை மட்டும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த நடிகைக்கு ஒரு விருது கிடைத்த வாரத்தில் அக்காவின் தம்பி விடுதலையாகி வந்தார். இருபது வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தவர். அக்கா ஒரு வாரம் லீவு போட்டிருந்தார். வேதியியல் கைடு அவசரம் என்று முதலாளி என்னிடம் புரூஃப் கட்டைக் கொடுத்து அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஸ்ரீரங்கத்துக்குப் போனேன்.

தம்பி என்றதும் என் மனதில் இருந்தது அந்தத் தொடரில் நடித்த ஆள்தான். கதவைத் திறந்தவர் வழுக்கை விழுந்த, தோள் கூனிய மனிதர். என்னைவிட இரண்டு பங்கு வயது இருக்கும். "சார்" என்றார். உட்காரச் சொல்லிவிட்டு அவரே டீ போட்டார். டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். அக்கா சுவரோரமாக உட்கார்ந்து புரூஃபைப் பிரித்தார்.

"நீங்கதானே சார் அத எழுதினது?" என்றார் தம்பி. சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். எங்கள் இதழின் பக்கம். மடிப்பில் கிழிந்து, பின்னால் ஒட்டியிருந்தது. "உள்ள லைப்ரரியில இருந்துச்சு. வரும்போது கேட்டு வாங்கிட்டு வந்தேன். அக்காவப் பத்தி நல்லா எழுதியிருந்தீங்க. எனக்குச் சொல்லத் தெரியல, நீங்க சொல்லிட்டீங்க."

அக்கா தலை நிமிரவில்லை.

"அன்னைக்கு சட்டைய வெச்சுக்கிட்டு என்னையப் பாத்துச்சு சார். தெரிஞ்சுபோச்சு அதுக்கு. யார்கிட்டயும் சொல்லல. வாட்ச்மேன் எவனோதான் போன் பண்ணிருக்கான். இத்தன வருஷமும் உள்ள எனக்கு அது ஒண்ணுதான். நாம செஞ்சதுக்கு யாரு மொகத்துலயும் முழிக்க முடியாது, ஆனா நம்மள விட்டுக்குடுக்காத ஒரு உசுரு வெளிய இருக்குன்னு நெனச்சுக்குவேன்."

"டீ ஆறிடும்" என்றார் அக்கா.

நான் குடித்தேன். அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவன்போல அங்கே உட்கார்ந்திருந்தேன். எழுதியவன்தானே.

அதற்கு அடுத்த மாதம் இன்னொரு கட்டு புரூஃபோடு என் வண்டியில் போனேன். தம்பி வாசல் குழாயில் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். நானும் அவரும் மாடி ஏறி உள்ளே போன சற்று நேரத்தில் படியில் யாரோ மெதுவாக ஏறி வரும் சத்தம் கேட்டது. எழுபத்தைந்து வயதாவது இருக்கும் ஓர் அம்மா. கையில் மஞ்சள் பை. வாசலில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார்.

யாரென்று அக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது. எழுந்துவிட்டார். தம்பிக்குத் தெரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தெரிந்ததும் அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டார். குடம் உருண்டது.

"நீ எந்திரி. உன்கிட்ட பேச வரல" என்றார் அந்த அம்மா. அவரைப் பார்க்கக்கூட இல்லை. அக்காவைத்தான் பார்த்தார். "உன்னையத்தான் பாக்க வந்தேன். விசாரிச்சு விசாரிச்சு வரேன்."

"உக்காருங்கம்மா."

"உக்கார வேணாம். திருவெள்ளறையில எல்லாரும் போன்ல அந்தப் படத்தப் பாத்தாங்க. அக்காக்காரிக்கு மொதல்லயே தெரியுமாமே, புகழ்ந்து புகழ்ந்து எழுதறானுவளேன்னு என்கிட்டயே வந்து கேக்கறாங்க. நான் இல்லவே இல்லன்னேன். அந்தப் பொண்ணு அப்படிப்பட்டது இல்லன்னு இத்தன வருஷமா சொல்லிட்டிருக்கேன். நீயே சொல்லு. தெரியுமா உனக்கு?"

தம்பி தரையிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா அவரைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாவைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை என்ற ஒரு சொல்லைச் சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றியது. சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லிவிடக் கூடாதே என்றும் நினைத்தேன்.

"தெரியும்மா" என்றார் அக்கா.

"எப்ப தெரியும்?"

"புதன்கிழம சாயந்திரம்."

"புதன்" என்றார் அந்த அம்மா. விரலை மடக்கி, "புதன்" என்று தனக்குத்தானே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார். அடுத்த விரலை மடக்கி அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார்.

நான் பின்னாலேயே போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. "பஸ் ஏத்திவிடறேன்மா" என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றாம் நம்பரில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். போலீஸுக்குப் போன் பண்ணியது அக்காதான், தம்பிக்குத் தெரியக்கூடாது என்று மறைத்துவைத்திருக்கிறார், படத்தில் வந்தது பொய், அதைப் புகழ்ந்து எழுதியதில் நானும் ஒருத்தன், என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். கேட்கிறாரா என்றே தெரியவில்லை.

"என்னைக்குப் பண்ணுச்சு?" என்றார்.

"வெள்ளிக்கிழம காலைல."

"வியாழக்கெழம நான் மறுபடியும் அங்க போனேன் தம்பி. ரெண்டு நாளா ஒண்ணும் திங்கல. அந்தப் பொண்ணுதான் கையப் புடிச்சு உக்காரவெச்சு சோறு போட்டுச்சு. ரசம் ஊத்தி, அப்பளம் சுட்டு. பக்கத்துலயே உக்காந்து விசிறிவிட்டுச்சு. வந்துடுவாரும்மா, சாப்பிடுங்கன்னுச்சு." மடியில் இருந்த மஞ்சள் பையைச் சரிசெய்துகொண்டார். "சாப்பிட்டேன். ரெண்டாந்தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். ஊர்ல அதத்தான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன், அந்த வீட்டுல எனக்கு சோறு போட்டாங்கன்னு."

ஸ்டாக் ரூமில் அக்கா திங்கள், புதன், வெள்ளி என்றுதான் சொல்லியிருந்தார். நானும் கேட்கவில்லை. அந்தச் சோற்றைப் போட்டதற்கு மறுநாள் காலைதான் போன் செய்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தபோது பஸ் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்துவிட்டது. அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா இறங்கி, திருவெள்ளறை வழியாகப் போகும் துறையூர் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தார். கூட்டத்தில் அவரை ஏற்றிவிட்டேன்.

"நீ நல்லாரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அக்கா அதன் பிறகு ஒரு மாதம்தான் வேலைக்கு வந்தார். தம்பிக்கு வெளியூரில் ஒரு மில்லில் வாட்ச்மேன் வேலை கிடைத்து இரண்டு பேரும் போய்விட்டார்கள். எந்த ஊர் என்று என்னிடம் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. என் விமர்சனம் இன்றைக்கும் இணையத்தில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருவராவது அதற்குக் கீழே நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அந்த அம்மாவை ஏற்றிவிட்ட அன்றே, விட்டுவிட்டு வந்த வண்டியை எடுக்க நான் மறுபடி ஸ்ரீரங்கம் போனபோது அக்கா கீழே, தெருக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாடியில் தம்பி மெதுவாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"சொல்லிட்டேன்க்கா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. ஒரு தடவை மாடியைப் பார்த்தார். "என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமையைப் பற்றிக் கேட்பார் என்று பயந்தேன். கேட்கவில்லை.

"துறையூர் பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா அவங்களுக்கு?"

"கெடச்சுதுக்கா. ஜன்னலோரம்" என்றேன்.

பஸ் கிளம்பும்போது அந்த அம்மா படிக்குப் பக்கத்தில், மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.